எண் சொல்லாத ஆருடங்கள்: என்எஃப்எல் பிளேஆஃப் கணிப்புகளைப் பற்றி

ஜனவரி பிறந்துவிட்டால் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் முன்னாள் வீரர்களும் பயிற்சியாளர்களும் வரிசையாக அமர்ந்து, அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்கான என்எஃப்எல்லில் அந்த வாரம் நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில், அதாவது லீக் சுற்றுக்குப் பின் வரும் வெளியேற்றச் சுற்றுகளில், எந்த அணி வெல்லும் என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்வார்கள். சொன்னது பலித்தால் மறுவாரம் அந்தக் காணொளித் துண்டையே மீண்டும் போட்டுக் காட்டுவார்கள். பலிக்காவிட்டால் அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. இதைக் கணிப்பு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. எத்தனை சதவீத உறுதியோடு சொல்கிறார், இதே உறுதியோடு பத்து முறை சொன்னால் எத்தனை முறை தவறுவார் என்பதையும் சேர்த்துச் சொல்லாதவரை, ஓர் அணியின் பெயரை உச்சரிப்பது விருப்பத்தைத் தெரிவிப்பதாகவே இருக்கும். பிளேஆஃப் ஆட்டங்களுக்கு இந்த நிபந்தனை இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பதே என் கருத்து.

காரணம் போட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. 2020 சீசன் முதல், கான்ஃபரன்ஸ் எனப்படும் இரு பிரிவுகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஏழு அணிகள் வீதம் 14 அணிகள் பிளேஆஃபுக்கு வருகின்றன. இரண்டு கான்ஃபரன்ஸிலும் முதலிடம் பிடித்த அணிக்கு மட்டும் முதல் சுற்றில் ஓய்வு உண்டு. மற்றவை அனைத்தும் முதல் வாரமே களமிறங்கியாக வேண்டும். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையும் சேர்த்து மொத்தம் 13 ஆட்டங்கள். தோற்றவர் அன்றே வீடு திரும்ப வேண்டியதுதான். கூடைப்பந்திலும் பேஸ்பாலிலும் இறுதிக் கட்டங்களில் ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடர் நடப்பதால், ஒரு நாள் கைகூடிய அதிர்ஷ்டம் அடுத்த ஆட்டங்களில் கரைந்துபோக வாய்ப்பிருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் அந்த வசதி இல்லை. அதன் லீக் சுற்றிலேயே ஓர் அணி ஆடுவது 17 ஆட்டங்கள்தான் என்பதால், அணிகளின் உண்மையான பலத்தை அளப்பதற்கு நம் கையில் இருக்கும் தரவும் சொற்பமே.

முதல் தரவரிசை பெற்ற ஒரு பலமான அணியை எடுத்துக்கொள்வோம். எதிரே யார் வந்தாலும் வெல்லும் வாய்ப்பு 70 சதவீதம் என்று தாராளமாகவே கொடுத்துவிடுவோம். கோப்பைக்குத் தேவையான மூன்று ஆட்டங்களையும் அது தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு 34 சதவீதத்தைச் சற்றே தாண்டும். கோப்பையைத் தவறவிடும் வாய்ப்பு கிட்டத்தட்ட அதைப் போல் இரண்டு மடங்கு. இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெற்றியாளரைச் சரியாகச் சொல்ல 65 சதவீத வாய்ப்புள்ள ஒருவர், 13 ஆட்டங்களையும் பிழையில்லாமல் சொல்வது ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கக்கூடியது. ஆகவே ஓர் ஆண்டு எல்லாமே சரியாக அமைந்துவிட்டது என்று எவரேனும் காட்டினால், எத்தனை ஆயிரம் பேர் அந்த ஆண்டு முயன்றார்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

வரலாறும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. 2007 சீசனின் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஓர் ஆட்டத்தைக்கூடத் தோற்காமல் சூப்பர் பவுலுக்கு வந்து, ஏறத்தாழ 12 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று பந்தயச் சந்தையே எதிர்பார்த்த நிலையில், நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று வீழ்ந்தது. 2011-இல் 15 ஆட்டங்களை வென்று ஒன்றில் மட்டுமே தோற்ற கிரீன் பே பேக்கர்ஸ், 2019-இல் 14 வெற்றிகளோடு வந்த பால்டிமோர் ரேவன்ஸ், 2024-இல் 15 வெற்றிகள் பெற்ற டெட்ராய்ட் லயன்ஸ் ஆகிய மூன்றும் தத்தம் கான்ஃபரன்ஸில் முதலிடம் பிடித்து, ஓய்வும் எடுத்துக்கொண்டு, சொந்த மைதானத்தில் ஆடிய முதல் பிளேஆஃப் ஆட்டத்திலேயே வெளியேறின. மாறாக, லீக் சுற்றில் வென்றதைவிடத் தோற்றது அதிகமாக, 7 வெற்றி 9 தோல்வி என்ற கணக்கோடு பிளேஆஃபுக்குள் வந்த சியாட்டில் சீஹாக்ஸ், 2011 ஜனவரியில் நடப்புச் சாம்பியனான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸை 41-36 என்று வென்றது.

இவற்றையெல்லாம் அதிர்ச்சித் தோல்விகள் என்று ஊடகங்கள் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. 80 சதவீத வாய்ப்புள்ள அணிகள் ஐந்தில் ஒருமுறை தோற்பது விதிவிலக்கன்று. அப்படித் தோற்காவிட்டால்தான் 80 என்ற எண் பொய்யாகும்.

ஓர் ஆட்டத்தின் முடிவு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கும் என்பதற்கு 2019 ஜனவரி 6 அன்று சிகாகோவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. அந்த சீசனில் சிகாகோ பியர்ஸ் 12 ஆட்டங்களை வென்றிருந்தது. என்எஃப்எல் அணிகளிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த தடுப்பாட்டம் அதனுடையது. எதிரே நடப்புச் சாம்பியன் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். ஆனால் அதன் முதன்மைக் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) கார்சன் வென்ட்ஸ் காயத்தால் வெளியே இருக்க, நிக் ஃபோல்ஸ் ஆடினார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது, கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் டச்டவுன் அடித்து (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து) ஈகிள்ஸ் 16-15 என்று முந்தியது. பியர்ஸ் விடாமல் முன்னேறி, 10 விநாடிகள் மீதமிருக்கையில் 43 யார்டு தூரத்து ஃபீல்டு கோலுக்கு, அதாவது பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளி பெறும் முயற்சிக்கு, வந்து நின்றது. கோடி பார்க்கி உதைத்த பந்து இடக் கம்பத்தில் மோதி, அங்கிருந்து குறுக்குக் கம்பியிலும் மோதி, களத்துக்குள்ளேயே விழுந்தது. அன்று இரவெல்லாம் பார்க்கியைத் திட்டித் தீர்த்தார்கள். மறுநாள் பார்த்தால், ஈகிள்ஸ் வீரர் ட்ரேவான் ஹெஸ்டரின் விரல் நுனி பந்தில் பட்டிருந்தது தெளிவாகி, அதிகாரப்பூர்வப் பதிவிலும் அது தடுக்கப்பட்ட உதை என்று மாற்றப்பட்டது. பியர்ஸ் வெல்லும் என்றவர்கள் தவறாகவும் ஈகிள்ஸ் வெல்லும் என்றவர்கள் சரியாகவும் கணித்தார்கள் என்று அந்த விரல் நுனியை வைத்து எப்படித் தீர்ப்பளிப்பது? பியர்ஸுக்கு 70 சதவீதம் என்றவரைவிட 55 சதவீதம் என்றவர் நிலைமையை நன்றாகப் புரிந்திருந்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதைக்கூட ஒற்றை ஆட்டத்தை வைத்து உறுதியாகச் சொல்ல இயலாது.

2022 ஜனவரியில் ஒரே வார இறுதியில் நடந்த நான்கு காலிறுதி நிலை ஆட்டங்களும் இதே கதைதான். மூன்று ஆட்டங்கள் கடைசி உதையில் முடிந்தன. முதல் தரவரிசை பெற்ற டென்னசி டைட்டன்ஸும் கிரீன் பே பேக்கர்ஸும் அப்படித்தான் வெளியேறின. நான்காவது ஆட்டத்தில், வழக்கமான ஆட்ட நேரத்தின் இறுதி இரண்டு நிமிடங்களுக்குள் மட்டும் 25 புள்ளிகள் விழுந்தன. வெறும் 13 விநாடிகள் மீதமிருக்கையில் மூன்று புள்ளி பின்தங்கியிருந்த கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் டாஸ் வென்று, முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் அடித்து 42-36 என்று வென்றது. பஃபலோ பில்ஸின் ஜாஷ் ஆலனுக்குக் கூடுதல் நேரத்தில் பந்தைத் தொடவே வாய்ப்பு வரவில்லை. அதன் பிறகுதான், பிளேஆஃபின் கூடுதல் நேரத்தில் இரு அணிகளுக்கும் பந்து கிடைக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள்.

இவ்வளவு தற்செயல் இருக்கும்போது கணிப்பதே வீண் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. வீண் என்று நான் கருதவில்லை. எண்களால் பேசும் முறைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. செஸ் பார்க்கும் நம்மவர்களுக்கு ஆனந்த், குகேஷ் ஆகியோரின் பெயரோடு பழகிப்போன எலோ தரப்புள்ளி முறையையே அமெரிக்கக் கால்பந்துக்கும் பயன்படுத்துகிறார்கள். அர்பாத் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் செஸ்ஸுக்காக வகுத்த அந்த முறையில், இருவருக்கும் இடையே 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவரின் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். 2025-இல் மூடப்பட்ட ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் இதை என்எஃப்எல் ஆட்டங்களுக்குப் பல ஆண்டுகள் கணக்கிட்டு வந்தது. அதன் கணக்கில் 25 எலோ புள்ளிகள் களத்தில் ஒரு புள்ளிக்குச் சமம்.

அதையும்விட வலுவான அளவுகோல் லாஸ் வேகஸ் பந்தயச் சந்தையின் ஸ்ப்ரெட், அதாவது எந்த அணி எத்தனை புள்ளியில் வெல்லும் என்ற எதிர்பார்ப்பு. பணம் கட்டுபவர்களின் தகவல்கள் அனைத்தும் அந்த ஓர் எண்ணுக்குள் வந்து சேர்கின்றன. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டத்தை ரத்து செய்ததிலிருந்து அந்தச் சந்தை மேலும் பெருத்திருக்கிறது. உண்மையான முடிவு ஸ்ப்ரெட்டிலிருந்து விலகும் அளவின் திட்டவிலக்கம் (முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 13 புள்ளிகளுக்கு நெருக்கமானது. அப்படியென்றால் 3 புள்ளி முன்னிலை கொடுக்கப்பட்ட அணியின் வெற்றி வாய்ப்பு 60 சதவீதத்தை ஒட்டியும், 7 புள்ளி கொடுக்கப்பட்ட அணியின் வாய்ப்பு 70 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். தொலைக்காட்சியில் அடித்துச் சொல்லப்படும் பல ஆட்டங்கள் இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் கிடக்கின்றன. சந்தையை வென்று சம்பாதிக்கலாம் என்று இதைப் படித்து யாரும் கிளம்பிவிட வேண்டாம். வழக்கமான விதிப்படி 100 டாலர் வெல்ல 110 டாலர் கட்ட வேண்டியிருப்பதால், 52.4 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னால்தான் கைமுதலாவது மிஞ்சும்.

சந்தை எண்ணைப் பார்க்காமல் சொந்தமாகக் கணிக்க விரும்புகிறவர்கள், அணியின் வெற்றி தோல்விக் கணக்கைவிடப் புள்ளி வித்தியாசத்தைப் பார்ப்பது நல்லது. 2022 சீசனின் மின்னசோட்டா வைகிங்ஸ் இதற்குப் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டிய சான்று. 13 வெற்றி, 4 தோல்வி என்ற கம்பீரமான கணக்கு. ஆனால் அந்த 17 ஆட்டங்களில் அடித்தது 424 புள்ளிகள், விட்டுக்கொடுத்தது 427. எட்டு அல்லது அதற்கும் குறைவான புள்ளி வித்தியாசத்தில் முடிந்த 11 ஆட்டங்களையும் அது வென்றிருந்தது. அவற்றுள் ஒன்று, இண்டியானபோலிஸ் கோல்ட்ஸுக்கு எதிராக 33-0 என்று பின்தங்கியிருந்து மீண்ட ஆட்டம். இறுக்கமான ஆட்டங்களை வெல்வது தனித்திறமை என்று அந்த ஆண்டு முழுவதும் பேசினார்கள். பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில், சொந்த மைதானத்திலேயே, ஜயன்ட்ஸிடம் 31-24 என்று தோற்றது. எட்டுப் புள்ளிக்குள் தோற்ற முதல் ஆட்டம் அந்த ஆண்டில் அதுதான்!

என் வாதத்துக்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. 2024-இல் சீஃப்ஸ் ஏறத்தாழ அதே பாணியில், இறுக்கமான ஆட்டங்களையெல்லாம் வென்று 15 வெற்றிகளோடு வந்து, கான்ஃபரன்ஸ் இறுதியிலும் பில்ஸை 32-29 என்று தாண்டி சூப்பர் பவுல்வரை போனது. பேட்ரிக் மஹோம்ஸ் போன்ற ஒருவர் இருக்கும்போது சதவீதத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வது நியாயம்தான். ஆனாலும் அந்த இறுதி ஆட்டத்தில் ஈகிள்ஸ் 34-0 என்று முந்திச் சென்று, 40-22 என்று முடித்தது.

குவார்ட்டர்பேக்கின் உடல்நிலை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. 2023 ஜனவரியில் கான்ஃபரன்ஸ் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோ 49எர்ஸின் ப்ராக் பர்டி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முழங்கையில் காயம்பட்டார். மாற்றாக வந்த ஜாஷ் ஜான்சனும் தலையில் அடிபட்டு வெளியேற, பந்தை எறிய முடியாத பர்டியே திரும்பி வந்து நிற்க வேண்டியதாயிற்று. 31-7 என்று முடிந்த அந்த ஆட்டத்தைப் பற்றி முந்தைய நாள் எழுதப்பட்ட ஆய்வுகள் அனைத்தும் சில நிமிடங்களில் பயனற்றுப்போயின. சொந்த மைதானத்தின் பலன் மூன்று புள்ளி என்று பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அது இப்போது தேய்ந்திருக்கிறது. அரங்குகள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்த 2020 சீசனின் லீக் ஆட்டங்களில் உள்ளூர் அணிகளும் வெளியூர் அணிகளும் ஏறக்குறையச் சரிபாதியாக வென்றன. பழிவாங்கும் வெறி, வேகம் பிடித்த அணி, கோப்பைப் பசி என்பனவற்றுக்கு நான் ஒரு சதவீதம்கூடக் கொடுக்கமாட்டேன். அவை ஆட்டம் முடிந்த பிறகு எழுதப்படும் காரணங்கள்.

வீரர்களின் சூளுரைகளும் அந்தக் கணக்கில்தான் வரும். 1969 ஜனவரியில், பெரிதும் பின்தங்கிய அணியாகக் கருதப்பட்ட நியூயார்க் ஜெட்ஸின் ஜோ நேமத் வெற்றிக்கு உத்தரவாதம் தந்து, பால்டிமோர் கோல்ட்ஸை 16-7 என்று வென்றதை இன்றும் கொண்டாடுகிறார்கள். 2004 ஜனவரியில் கிரீன் பேயில் கூடுதல் நேர டாஸை வென்ற சியாட்டிலின் மேட் ஹசல்பெக், பந்து எங்களுக்கே வேண்டும், நாங்கள் அடிக்கப்போகிறோம் என்று நடுவரின் ஒலிவாங்கியிலேயே அறிவித்தார். சற்று நேரத்தில் அவர் எறிந்த பந்தை அல் ஹாரிஸ் பறித்து ஓடி டச்டவுன் அடிக்க, பேக்கர்ஸ் 33-27 என்று வென்றது. உறுதியில் இருவருக்கும் குறைவில்லை.

கணிப்பவர்களை மதிப்பிட ஓர் எளிய முறை இருக்கிறது. வானிலை முன்னறிவிப்புகளைச் சோதிப்பதற்காக 1950-இல் கிளென் பிரையர் முன்வைத்தது அது. 70 சதவீதம் என்று சொன்ன அணி வென்றால், மீதமுள்ள 0.3-இன் வர்க்கமான 0.09 உங்கள் பிழை, தோற்றால் 0.49. 95 சதவீதம் என்று முழங்கி அந்த அணி தோற்றால் பிழை 0.90-ஐத் தொடும். எல்லா ஆட்டங்களுக்கும் 50 என்று எழுதி வைப்பவரின் சராசரிப் பிழை 0.25. 2017-இன் சூப்பர் பவுலில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28-3 என்று முந்தியபோது அதன் வெற்றி வாய்ப்பை 99 சதவீதத்துக்கு மேல் காட்டிய கணிப்பு மாதிரிகளைப் பேட்ரியட்ஸின் 34-28 வெற்றிக்குப் பிறகு பலரும் கேலி செய்தார்கள். அந்த ஒரு நாளை வைத்து அவற்றைத் தள்ளிவிட முடியாது; 99 என்று அவை காட்டிய ஆட்டங்களையெல்லாம் திரட்டி, அவற்றில் நூற்றுக்கு எத்தனை தவறின என்று பார்த்தாக வேண்டும். அதனால்தான் பிளேஆஃபின் 13 ஆட்டங்களை மட்டும் கொண்டு ஒருவரை நிபுணர் என்றோ போலி என்றோ முடிவு கட்டுவதும் சரியாகாது. லீக் சுற்றின் 272 ஆட்டங்களுக்கும் சேர்த்துச் சதவீதங்களை முன்கூட்டியே எழுதி, ஆட்டம் முடிந்த பிறகும் அழிக்காமல் வைத்திருக்கும் எவரேனும் உங்களுக்குத் தெரிந்தால், கருத்துப் பகுதியில் குறிப்பிடுங்கள். அவரைத் தொடர்ந்து வாசிக்க விரும்புகிறேன்.