வண்டி இழுத்த ராஜாவும் கமுதி வழக்கும்

ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி பற்றிய உங்கள் கட்டுரையில் கமுதி வழக்கைச் சேர்த்ததற்காக, ‘மண்ணின் பெருமையைக் கெடுக்காதீர்கள்’ என்று ஒரு வாசகர் வருந்தியிருக்கிறார். நானும் பாம்பன்காரன்தான். அவர் வருத்தம் புரிகிறது. ஆனால் ஏற்க மனம் வரவில்லை.

1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கியபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டு ராஜாவே மக்களோடு சேர்ந்து வண்டியை இழுத்தார். வலை பின்னிக்கொண்டே அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் கை நின்றுவிடும். அவ்வளவு பெருமை. அதே ஆண்டு மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சென்றார்கள் என்பதற்காக, கோயிலின் அறங்காவலராக வழக்குத் தொடுத்தவரும் அந்த ராஜாதான். இதை அப்பா சொன்னதில்லை.

கமுதியில் ஒரு நண்பன் வீட்டில் சாப்பிட்டபோதுதான் தெரிந்தது. அவன் பாட்டி குழம்பு ஊற்றிக்கொண்டே, “பாம்பன் பிள்ளையா? அந்த ராஜாதானே எங்களை வாசலில் நிறுத்தியவர்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வழக்கின் நடுவில் ராஜா சமரசத்துக்கு இறங்கி வந்தார் என்பதையும் எழுத வேண்டும், அது நிலைக்கவில்லை. 1903இல் அவர் மறைந்தார். 1908இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்கு ராஜா துணைநின்றதை என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பாட்டி சொன்னதையும் சொல்லியிருக்கிறேன். மூத்தவள், “அப்படியானால் அவர் நல்லவரா, இல்லையா?” என்று கேட்டாள். இரண்டையும் சேர்த்துத்தான் அவரை நினைக்கிறேன் என்றேன். கட்டுரையில் ஒரு வரியையும் நீக்காதீர்கள்.