நெட் இருந்தால்தான் நெட்டுக்கே போக முடியுமாம்!

புது லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை உரித்து, பவர் பட்டனை அமுக்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நாடு எது, கீபோர்டு எது என்று கேட்டு முடித்த விண்டோஸ் 11 அடுத்துக் கேட்பது: வைஃபை எங்கே? இல்லை என்று சொல்ல அந்தத் திரையில் இடமே கிடையாது. 'அடுத்து' பட்டன் மங்கிப்போய்க் கிடக்கும். பொருள் நம்முடையது, காசு நம்முடையது, ஓடுகிற கரண்டும் நம்முடையது. ஆனாலும் நெட்டைக் காட்டு, அப்புறம்தான் உள்ளே விடுவேன் என்று வாசலில் குறுக்கே நிற்கிறது.

இது தொழில்நுட்பக் கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கம்ப்யூட்டர் எழுந்து டெஸ்க்டாப்பைக் காட்ட நெட் ஒரு துளியும் தேவையில்லை. லினக்ஸ் வகையான உபுண்டு ஏற்றும்போது 'இப்போது இணையம் வேண்டாம்' என்று ஒரு வரி இருக்கிறது. புது மேக்கில்கூடத் தேடினால் 'என் கம்ப்யூட்டருக்கு இணைய இணைப்பு இல்லை' என்ற தேர்வு கிடைக்கும். விண்டோஸில்தான் 2021 அக்டோபரில் 11 வந்தபோது ஹோம் பதிப்புக்கு நெட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கட்டாயம் என்றார்கள். 2022இல் 22எச்2 என்ற அப்டேட் வந்தபோது புரோ பதிப்பின் கழுத்திலும் அதே கயிற்றைக் கட்டினார்கள். வேண்டியது நம் வைஃபை அல்ல, நம் கணக்கு.

சரி, ஒழியட்டும், வைஃபையைக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று பார்த்தால் பட்டியலில் ஒரு பெயர்கூட இருக்காது! ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாமல் வாங்கிய லேப்டாப்பில் பென்டிரைவ் போட்டு விண்டோஸ் ஏற்றுகிறவர்கள், ஃபார்மட் அடித்துப் புதிதாக ஏற்றுகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் மாட்டுவார்கள். லேப்டாப்பில் இருக்கிற வைஃபை சிப் புதுசு. பென்டிரைவில் இருக்கிற விண்டோஸ் அதைவிடப் பழசு. அந்தச் சிப்பை இயக்கத் தெரிந்த டிரைவர் என்ற குட்டி மென்பொருள் அதற்குள் இல்லை. டிரைவர் எங்கே கிடைக்கும்? நெட்டில். நெட் எப்படி வரும்? வைஃபையில். வைஃபை எப்போது வரும்? டிரைவர் போட்டால். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நம்மவர்கள் சொல்லி வைத்தது இதற்குத்தான் போலிருக்கிறது. லேன் கேபிளைச் செருகலாம் என்றால், மெலிசு மெலிசு என்று சீவிச் சீவி அந்த ஓட்டையையும் பாதி லேப்டாப்களில் எடுத்துவிட்டார்கள்.

இதிலிருந்து தப்பிக்க வழி பையில்தான் இருக்கிறது, திரையில் ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் செருகுங்கள். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் அரை நிமிடத்தில் லேன் இணைப்பு மாதிரி வந்து நிற்கும், 'அடுத்து' பட்டனுக்கு உயிர் வரும். போன் வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அந்த வைஃபையையே கடத்திவிடும், மொபைல் டேட்டா செலவாகாது. டெதரிங் பட்டன் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜுக்கு மட்டும் ஆன கேபிள்களில் டேட்டா போகும் கம்பிகளே இருக்காது. ஐபோனை நம்பி உட்காராதீர்கள். அதற்கு ஆப்பிளின் டிரைவர் வேண்டும், அதுவும் நெட்டில்தான் இருக்கிறது.

போன் வழி சரிவரவில்லை என்றால் வேறொரு கம்ப்யூட்டரில் லேப்டாப் நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தைத் திறந்து, அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் போட்டு வைஃபை டிரைவரை இறக்கிக் கொள்ள வேண்டும். இப்போது வரும் விண்டோஸ் பென்டிரைவ்களில் அந்த நெட்வொர்க் திரையிலேயே டிரைவரை நிறுவ ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் புண்ணியம். ஆனால் அது கேட்பது பிரித்து வைத்த ஃபோல்டரை, டிரைவர் விவரம் உள்ள ஐஎன்எஃப் (.inf) கோப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிரிக்காத எக்ஸ்இ (.exe) கோப்பை அப்படியே வைத்தால் ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிடும். இதற்கும் முந்தின கட்டத்திலேயே இன்னொரு கூத்து: இன்டெல் 11ஆம் தலைமுறை முதலான பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு ஆன் ஆகி இருந்தால் விண்டோஸ் ஏற்றும்போது எஸ்எஸ்டியே தெரியாது. புது டிஸ்க் செத்துவிட்டது என்று பதறிக் கடைக்கு ஓட வேண்டாம், இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை அதே பென்டிரைவில் பிரித்து வைத்து 'லோட் டிரைவர்' கொடுத்தால் தெரியும்.

நெட்டே வேண்டாம், சும்மா உள்ளே போனால் போதும் என்பவர்களுக்குக் கொல்லைப்புறக் கதவு ஒன்று இருந்தது. ஷிஃப்ட்டும் எஃப்10உம் சேர்த்து அமுக்கினால் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னல் திறக்கும். திறக்காவிட்டால் எஃப்என் சாவியையும் சேர்த்து அமுக்க வேண்டும், ஏனென்றால் பல லேப்டாப்களில் அந்த வரிசைச் சாவிகள் ஒலி, வெளிச்சத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவை. அதில் ஓ-ஓ-பி-இ, ஒரு பின்சாய்வுக் கோடு, இடைவெளி விடாமல் பைபாஸ்-என்-ஆர்-ஓ என்று ஆங்கிலத்தில் (oobe\bypassnro) அடித்து என்டர் தட்டினால் மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, முதலிலிருந்து ஆரம்பித்து, இந்த முறை 'என்னிடம் இணையம் இல்லை' என்ற வரியைக் காட்டும். அடுத்த திரையில் 'வரம்புக்குட்பட்ட அமைப்புடன் தொடர்' என்று எழுதியிருக்கும் பாருங்கள், அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன வரம்பு? எந்த புரோகிராம் ஓடாது? எல்லாமே ஓடும்! ஊனமான எதையோ வாங்குகிற மாதிரி மிரட்டுகிற வார்த்தை அது. அங்கே லோக்கல் கணக்குக்கு, அதாவது இந்த லேப்டாப்புக்குள் மட்டும் இருக்கும் கணக்குக்கு, பாஸ்வேர்டு கொடுத்தால் மூன்று பாதுகாப்புக் கேள்விகளில் இழுத்துவிடும். காலியாக விட்டுவிட்டு, டெஸ்க்டாப் வந்த கையோடு செட்டிங்ஸில் போட்டுக் கொள்ளுங்கள்.

இந்தக் கதவையும் சாத்துகிறார்கள். 2025 மார்ச்சில் சோதனைப் பதிப்பிலிருந்து அந்த பைபாஸ் கோப்பைத் தூக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மிச்சமிருந்த குறுக்கு வழிகளையும் சோதனைப் பதிப்பில் அடைத்தார்கள். புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் நெட்டோடு போய், 'வேலை அல்லது பள்ளி' என்பதைத் தேர்ந்து, உள்நுழைவு வழிகளில் 'டொமைனில் சேர்' என்றிருப்பதை எடுத்தால் லோக்கல் கணக்கு கிடைக்கும். பென்டிரைவை நீங்களே தயாரிப்பதாக இருந்தால் ரூஃபஸ் (Rufus) என்ற மென்பொருளில் செய்யுங்கள், ஆன்லைன் கணக்குக் கட்டாயத்தை நீக்க அதில் ஒரு டிக் பெட்டி உண்டு.

கீபோர்டு கேள்வியை அலட்சியமாகத் தாண்டியவர்களுக்குத் தனிப் பூசை. பிரிட்டன் ஆங்கிலம் என்று தேர்ந்துவிட்டு அமெரிக்க அமைப்புள்ள கீபோர்டில் அடித்தால், ஷிஃப்ட்டும் 2ம் அமுக்கும்போது மெயில் முகவரிக்கான @ வராது, இரட்டை மேற்கோள் குறி வரும். பின்சாய்வுக் கோட்டுக்குப் பதில் # வரும். முகவரி தப்பு, முகவரி தப்பு என்று அது பாட்டுக்குச் சொல்லிக் கொண்டிருக்கும். பாஸ்வேர்டில் @ இருந்தால் இன்னும் மோசம், புள்ளிகளுக்குள் எது மாறியது என்றே தெரியாது. பெட்டி ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பாருங்கள். மாறியிருந்தால் பின்னால் போய் அமெரிக்க அமைப்பைத் தேர்ந்து வாருங்கள்.

கணக்கு விஷயத்துக்கு வருவோம். பழைய கணக்கைப் போட்டால் ரகசிய எண் அனுப்பியிருக்கிறேன் என்னும். எங்கே? இன்னொரு மெயிலுக்கு. அந்த மெயிலின் பாஸ்வேர்டு பழைய லேப்டாப்பின் பிரவுசருக்குள் உறங்கிக் கொண்டிருக்கும். அதனால் புதுசு திறக்கும் முன்னே பழசில் உட்கார்ந்து அந்த மெயில் போனில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புதுக் கணக்கு தொடங்கினாலும் முகவரியின் முதல் ஐந்து எழுத்தை வெட்டி யூசர் ஃபோல்டருக்குப் பெயராக வைக்கும். செந்தமிழ்ச்செல்வி என்று அழகாக ஆங்கிலத்தில் முகவரி வைத்தவர் ஆயுசுக்கும் 'செந்த்' ஃபோல்டரில் குடியிருக்க வேண்டியதுதான். பின்னால் அதை மாற்றப் போனால் பாதி புரோகிராம்கள் பாதை தெரியாமல் திணறும். லோக்கல் கணக்கில் நுழைந்து, பிறகு மைக்ரோசாஃப்ட் கணக்கைச் சேர்த்தால் வைத்த பெயர் நிற்கும்.

கேட்காமலே செய்யும் உபகாரங்கள் இரண்டு. ஒன்று, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவுக்கு ஏற்றத் தொடங்கிவிடும். இலவச இடம் 5 ஜிபி. அது நிரம்பினால் அதே கணக்கின் அவுட்லுக் மெயிலும் வருவது போவது நின்றுவிடும். வீட்டுப் போட்டோவை ஏற்றியதற்கு மெயிலை நிறுத்துவது என்ன கணக்கோ! இரண்டாவது, டிஸ்க்கைப் பூட்டுவது. கணக்கோடு நுழைந்தாலே பல லேப்டாப்களில் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகும், 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். பூட்டுவது நல்லதுதான், பூட்டியதைச் சொல்லாததுதான் அக்கிரமம். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகோ மதர்போர்டு மாற்றிய பிறகோ ஒரு நாள் நீலத் திரை வந்து சாவி கேட்கும்போதுதான் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது. எந்தக் கணக்கு என்று மறந்திருந்தால் டிஸ்க்கில் இருந்தது அத்தனையும் போச்சு. முதல் நாளே மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் அந்தச் சாவியை எடுத்துக் காகிதத்தில் அச்சடித்து வையுங்கள்.

எல்லாம் முடிந்தும் 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை' என்று பல்லிளித்தால் ரவுட்டரைத் தட்டுவதற்கு முன் அதே கமாண்ட் பிராம்ப்ட் கறுப்பு ஜன்னலில் ஐபிகான்ஃபிக் (ipconfig) அடித்துப் பாருங்கள். எண் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள், வைஃபையை 'மறந்துவிடு' கொடுத்து மறுபடி இணைக்க வேண்டும். எண் சரியாக இருந்து பக்கங்கள் திறக்கின்றன, ஐகான் மட்டும் இல்லை என்கிறதா? மைக்ரோசாஃப்டின் சர்வரில் உள்ள ஒரு துக்கடா டெக்ஸ்ட் கோப்பு கைக்குக் கிடைத்தால்தான் விண்டோஸுக்கு அது நெட். விபிஎன்னோ விளம்பரத் தடுப்போ அதை மறித்தால் பொய் சொல்லும், கண்டுகொள்ளாதீர்கள். எந்தப் பக்கம் போனாலும் 'உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல' என்றால் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். கடிகாரம் தப்பாக இருந்தால் எந்தச் சான்றிதழும் செல்லாது. 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் தெரியவில்லை என்றால் ரவுட்டரில் டபிள்யூபிஏ3 (WPA3) என்ற பாதுகாப்பு முறை ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது இல்லாமல் அந்த அலைவரிசையில் யாருக்கும் அனுமதி இல்லை.

போன் நெட்டில் நுழைந்தவர்கள் டெஸ்க்டாப் வந்ததும் முதல் வேலையாக நெட்வொர்க் செட்டிங்ஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு', அதாவது டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு, ஆக்குங்கள். இல்லாவிட்டால் பின்னணியில் ஜிபி கணக்கில் அப்டேட்டை உறிஞ்சித் தள்ளிவிடும். செட்டப் நடக்கும்போதே இதைச் சொல்ல ஒரு பட்டன்? மூச்!

இத்தனை அக்கப்போரையும் கடந்து நாலு நாள் நிம்மதியாக வேலை பார்த்திருப்பீர்கள். ஒரு காலையில் அவசரமாக மூடியைத் திறந்தால் திரை முழுக்க, 'உங்கள் கம்ப்யூட்டரை அமைத்து முடிப்போம்' என்று மறுபடி நிற்கும். எல்லாம் முடிந்ததுதானே ஐயா! வேண்டாம் என்று சொல்ல அங்கும் பட்டன் கிடையாது, 'மூன்று நாளில் நினைவூட்டு' மட்டும்தான். அதை அமுக்கிவிட்டு செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், கடைசி வரைக்கும் உருட்டி, 'கூடுதல் அமைப்புகள்' என்று சுருட்டி வைத்திருப்பதைத் திறவுங்கள். உள்ளே இருக்கிற டிக்குகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.