உங்களுக்கு எழுதினேன், ஊருக்கு அல்ல

மூன்று நாட்களாகக் கல்வெட்டு மடலாடற்குழு என்ற எங்கள் மின்னஞ்சல் குழுவில் நடப்பதை இங்குள்ள பலரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். யார், என்ன என்று மறுபடியும் விவரிக்கப்போவதில்லை. சொல்ல வந்தது ஒன்றுதான். ஒருவர் உங்களுக்கு மட்டும் எழுதிய தனிமடலை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நானூறு பேர் இருக்கும் குழுவில் போடாதீர்கள்.

கோப்பரகேசரி என்று தொடங்கும் கல்வெட்டு ஒன்றைக் குழுவின் மூத்தவர் ஒருவர் முதலாம் இராசராசனுடையது என்று எழுதியிருந்தார். இராசராசனின் பட்டம் இராசகேசரி, பரகேசரி அவன் மகன் இராசேந்திரனின் பட்டம். சோழர்கள் இந்த இரண்டையும் மாறி மாறிச் சூடிக்கொண்டவர்கள் என்பதால் பழகியவர்களுக்கும் கைதவறும் இடம் அது. எல்லோர் முன்பும் திருத்தினால் மனம் நோகுமே என்று தனிமடலில் எழுதினேன். எழுதத் தாமதமானதற்குக் காரணமாக, அப்பாவுக்கு நினைவு தப்பிப்போவதையும், சென்ற வாரம் என்னைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பெண்ணம்மா?" என்று கேட்டதையும் மூன்று வரிகளில் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை அந்த மடல் முழுதாகக் குழுவில் கிடந்தது. "ஒளிவுமறைவு எதற்கு, எல்லோரும் பார்க்கட்டும்" என்று மேலே ஒரு வரி.

ஆய்வில் ஒளிவுமறைவு கூடாதாம். சரி. "பரகேசரி இராசேந்திரனின் பட்டம் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார், திருத்திக்கொள்கிறேன்" என்று எழுதினால் முடிந்தது. என் பெயரைக்கூடப் போட்டிருக்கலாம். என் அப்பா எதற்கு அங்கே?

மின்னஞ்சலும் அஞ்சலட்டையும் ஒன்றுதான், அட்டையில் எழுதத் தயங்குவதை மடலில் எழுதக்கூடாது என்று 1995-லேயே ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிக நெறிமுறை சொல்லிவிட்டதே என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். உண்மை, சொல்கிறது. அதே ஆவணத்தில், உங்களுக்குத் தனிப்பட வந்த மடலைக் குழுவில் இடுவதானால் முதலில் அனுமதி கேளுங்கள் என்றும் இருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அஞ்சலட்டை அறிவுரை எழுதுகிறவருடைய எச்சரிக்கைக்காகச் சொன்னது. பெற்றவர் அதை ஊரெல்லாம் காட்டலாம் என்று எவரும் உரிமை கொடுக்கவில்லை.

இது இணையம் வந்த பிறகு முளைத்த வழக்கும் இல்லை. தம் கடிதங்களைக் கேட்காமல் அச்சிட்ட பதிப்பாளர் எட்மண்ட் கர்ல் மீது ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் வழக்குத் தொடுத்தார். கடிதத்தைப் பெற்றவருக்குத் தாள் சொந்தமாகலாம், உள்ளே எழுதியிருப்பதை வெளியிடும் உரிமை சொந்தமாகாது என்று 1741-இல் தீர்ப்பானது. வழக்கும் தீர்ப்பும் கிடக்கட்டும். எங்கள் ஊர்த் தபால்காரருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பினாங்கிலிருந்து மாமாவின் கடிதம் வந்தால் தபால்காரர்தான் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்காட்டுவார். பிரிப்பதற்கு முன் அடுத்த வீட்டுத் திண்ணையில் ஆள் இருக்கிறதா என்று ஒரு பார்வை. கடன், நகை, மாமியின் உடம்பு என்று வரும் இடத்தில் குரல் தானாக இறங்கும். பாட்டி வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டுக் காதை அவர் பக்கம் சாய்ப்பாள். முடிந்ததும் பழைய மடிப்பிலேயே மடித்து அவள் கையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுப்பார். "பினாங்கில் என்னவாம்?" என்று தெருமுனையில் கேட்பார்கள். "கடிதம் வந்தது, கொடுத்துவிட்டேன்" என்பார். அந்த ஊரில் பாதி வீடுகளின் கதை அவருக்குத் தெரியும். ஒரு சொல் வெளியே வந்ததில்லை.

மிரட்டல் மடலையும் ஆபாச மடலையும் மறைத்து வைக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். அப்படி ஒன்று எனக்கே வந்தபோது குழுவைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநருக்கு அனுப்பினேன், இன்னொரு முறை வந்தாலும் அனுப்புவேன். நான் எழுதியது மிரட்டலா?

"மூத்தவர், விட்டுவிடு" என்கிறார்கள். ஒன்பது ஆண்டுகளாக அவரை அண்ணா என்று அழைக்கிறேன். யாரோ ஒருவராக இருந்தால் என் வீட்டுக் கதையை எழுதியே இருக்க மாட்டேன்.

இப்போது அந்த இழையில் கல்வெட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "மனம் கனக்கிறது", "தைரியமாக இருங்கள்" என்று பதினேழு பதில்கள் வந்துவிட்டன. நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பதிலின் அடியிலும் என் முழு மடலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கீழே கிடப்பதை வெட்டிவிட்டு அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு முறையும் அப்பா அதே கேள்வியைக் கேட்கிறார். வல்லாரை லேகியம் கொடுக்கச் சொல்லி முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருக்கிறார். நாற்பது ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்த மனிதர் என் அப்பா. தம் நிலையை அடுத்த வீட்டுக்குக்கூடத் தெரியாமல் வைத்திருக்க, கேட்ட கேள்விக்குச் சிரித்தே சமாளிக்கிறவர். முகநூலில் போட்டதையாவது அழிக்கலாம். நானூறு அஞ்சல் பெட்டிகளுக்குப் போனதை யார் போய் எடுத்துவருவது?

நேற்று இரவு, மடலைக் குழுவில் போட்டவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று நண்பர்கள் சொன்னார்கள். பார்த்தேன். குழுவில் கேட்டிருக்கிறார், நான்கு பத்தி. எனக்குத் தனியாக ஒரு வரி வரவில்லை.