தொடக்கம் 1966 அல்ல
ராஜஸ்தானின் துத்தநாகத் தொழில் 1966-இல் ஹிந்துஸ்தான் ஜிங்க் என்ற அரசு நிறுவனம் வந்த பிறகே பிறந்தது என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அங்குள்ள ராம்புரா அகுச்சா துத்தநாகச் சுரங்கத்தால் உற்பத்தி பெருகியதை மறுக்கவில்லை. அது வளர்ச்சி, பிறப்பு அல்ல. உதய்ப்பூருக்குத் தெற்கே ஜாவரில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துத்தநாகத்தை வடித்திருக்கிறார்கள். அது லேசான வேலையா? இந்த உலோகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். சாதாரண உலையில் கைக்குச் சிக்காமல் புகையாய்ப் போய்விடும். ஜாவர்க்காரர்கள் கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகளில் தாதுவை அடைத்து, தலைகீழாகக் கவிழ்த்துச் சூடாக்கி, ஆவியைக் கீழே இறக்கிக் குளிர்வித்துப் பிடித்தார்கள். பிரிட்டனின் பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றதே 1738-இல்தான்! பயன்படுத்தித் தள்ளிய குடுவைகள் ஜாவரில் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. பழைய வீட்டுச் சுவர்களில்கூட அவற்றைச் செங்கல்போல அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.