இனர்ஷியாவைக் கூட்டினால் ஸ்டார்ட் சர்ஜ் குறையாது

பம்பு ஓடத் தொடங்கும்போது நீர்க்குழாயில் எழும் திடீர் அழுத்த அலைதான் ஸ்டார்ட் சர்ஜ். அதைக் கணினியில் கணக்கிடும்போது “பம்பு இனர்ஷியாவை (சுழலும் பாகங்களின் நிலைமத்தை) இரண்டு மடங்காகப் போடுங்கள், ஸ்டார்ட் சர்ஜ் அடங்கிவிடும்” என்று சிலர் சொல்லும் யோசனை தவறு. இனர்ஷியா முக்கியமாக வேலை செய்வது கரண்ட் போய் பம்பு தானாக நிற்கும்போதுதான். ஸ்டார்ட்டில் எந்த நேரத்தில் எவ்வளவு வேகம் என்பதைக் கணக்கில் நீங்களே கொடுத்தால், இனர்ஷியா எண் எதையும் மாற்றாது. மோட்டாரின் டார்க் வளைவை (எந்த வேகத்தில் எவ்வளவு சுழல்விசை என்பதை) கொடுத்தால் மட்டுமே அது கணக்கில் வரும்.

கவனிக்க வேண்டியது ரேம்ப் நேரம், அதாவது பம்பு பூஜ்யத்திலிருந்து முழு வேகத்துக்கு ஏற எடுக்கும் நேரம். அதிலும் “10 வினாடி வீஎஃப்டி (மோட்டார் வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் கருவி), பிரச்சினையே இல்லை” என்று விட்டுவிட முடியாது. நிலை உயரம் (தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம்) 80 மீ, வால்வு மூடிய நிலையில் பம்பு தருவது 100 மீ என்றால், அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் சுமார் 89% வேகம் வரை செக் வால்வே (தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) திறக்காது. முழு ஓட்டமும் கடைசி 1.1 வினாடியில் பாய்கிறது! 3 கி.மீ. குழாயில், அலைவேகம் 1200 மீ/வி என்றால், அலை போய்த் திரும்பவே 5 வினாடி; ஓட்டம் அதற்குள் ஏறிவிடுவதால் சர்ஜ் முழுதாக எழும்.

ஆகவே 85% வரை வேகமாக ஏற்றி, மீதியை 20 வினாடிக்கு மேல் இழுங்கள். 40 மாடி வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மேல்தொட்டிக் குழாயில் அலை 0.2 வினாடியில் திரும்பிவிடும். அங்கே ரேம்ப்பைவிடக் குழாயில் தங்கிய காற்றைப் பாருங்கள்.