மனுவுக்கு நம்பர் இல்லை, ஓட்டுக்குப் பெயர் இல்லை

உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. போன கூட்டத்தொடரில் எந்த மசோதாவுக்கு ‘ஆம்’ சொன்னார், எதற்கு ‘இல்லை’ சொன்னார்? தெரியாதுதானே? வெட்கப்பட வேண்டாம், அவைக் குறிப்பைப் புரட்டினாலும் தெரியாது. குரல் வாக்கெடுப்பில் யார் பெயரும் பதிவாவதில்லை. பேரவைத் தலைவர் ஆதரிப்போரைக் கேட்பார், ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஓர் இரைச்சல் கிளம்பும். எதிர்ப்போரைக் கேட்பார், அந்தப் பக்கம் பாதி நாற்காலி காலி. ‘நிறைவேறியது’ என்பார், அடுத்த மசோதா. ஒரு தும்மல் போட்டு நிமிர்வதற்குள் ஒரு சட்டம். அந்த நேரத்தில் 234 பேரில் எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள், எத்தனை பேர் கேன்டீனில் இருந்தார்கள் என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் ஏறாது. அரசமைப்பின் 189ஆவது பிரிவு அவையை நடத்தக் கேட்பது பத்தில் ஒரு பங்கு பேரைத்தான். நம் கணக்குக்கு 24 பேர்.

எண்ணத் தெரியாதவர்களா என்றால், நன்றாகவே தெரியும். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு கேட்ட நம்பிக்கை வாக்கெடுப்பில் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள்: ஆதரவு 122, எதிர்ப்பு 11. நாற்காலி ஆடினால் தலை எண்ணுவார்கள். நீங்கள் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உழைப்பதா, பன்னிரண்டு மணி நேரமா என்றால் கத்தினால் போதும். 2023 ஏப்ரலில் அதுதான் நடந்தது. தொழிற்சாலைகள் திருத்த மசோதா ஏப்ரல் 12 அன்று அறிமுகம், 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றம். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. ஊரே கொந்தளித்ததும் 24ஆம் தேதி நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். நல்லது. அந்த மசோதாவுக்கு ‘ஆம்’ என்று குரல் கொடுத்தவர்களின் பட்டியல் எங்கே? அப்படியொன்று இருந்தால்தானே காட்டுவதற்கு! ஓட்டுக் கேட்டு வரும்போது அத்தனை பேரும் ‘நான் தொழிலாளர் பக்கம்’ என்றே சொல்லலாம். பொய் என்று நிரூபிக்க உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

வெளிநடப்பு செய்பவர்களையும் சும்மா விடக்கூடாது. ‘கடுமையாக எதிர்த்தோம்’ என்று பேட்டி கொடுப்பார்கள். வாக்குக் கணக்கில் அவர்கள் ஆப்சென்ட், அவ்வளவுதான். பேரவைத் தலைவரின் அறிவிப்பை ஏற்காமல் ‘டிவிஷன் வேண்டும்’, அதாவது தலை எண்ணி வாக்கெடுக்க வேண்டும் என்று கேட்டு, ‘இல்லை’ என்று கணக்கில் ஏறிவிட்டு வெளியே வந்திருந்தால் அது காலத்துக்கும் ஆவணம். தோற்பது உறுதி என்று தெரிந்தாலும் கேட்க வேண்டும். கேட்பது ஜெயிப்பதற்காக மட்டுமா? ஆனால் வாசலில் மைக்குகள் காத்திருக்கின்றனவே, என்ன செய்ய. கேட்டாலும் கொடுப்பார்களா என்பது வேறு கதை. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்கு எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன, குரலிலேயே முடித்தார்கள்.

‘பாவம், கொறடா உத்தரவு இருக்கிறது, அவர் என்ன செய்வார்’ என்று ஒரு கூட்டம் வக்காலத்துக்கு வரும். இருக்கிறதுதான். 1985இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சியின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினாலும் பதவி போகும். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தப்பலாம். 1992இல் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னபோதே உச்ச நீதிமன்றம், ஆட்சி நிலைக்குமா என்பது போன்ற பெரிய விஷயங்களோடு இந்த உத்தரவுகளை நிறுத்திக்கொள்வது நல்லது என்று எழுதியது. எந்தக் கட்சி காதில் வாங்கியது? தூர் வாருவது சம்பந்தமான திருத்தத்துக்கும் கட்சி சொன்னபடிதான் தலையாட்ட வேண்டும் என்றால், தொகுதிக்கு ஓர் ஆள் எதற்கு? அந்தச் சட்டமும் ஆளுக்கொரு வேகத்தில்தான் ஓடும். 2017இல் கட்சி உத்தரவை மீறி எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த 11 பேர் மீதான தகுதிநீக்க மனு பேரவைத் தலைவர் மேசையில் கிடந்து, உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 பிப்ரவரியில் மறுபடி அவரிடமே வந்து நின்றது. மூன்று வருஷம்.

ஓட்டுக் கட்சியுடையது என்றால் எம்.எல்.ஏ.வுக்குச் சொந்தமாக மிஞ்சுவது மனு. அங்கே என்ன கிழிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

அவை முடிந்து ராத்திரி ரயிலேறித் தொகுதிக்கு வருகிறார். முகூர்த்த நாள் என்றால் தொலைந்தது. ஏழெட்டுக் கல்யாணம், காதுகுத்து, ஒரு துக்கம், ஒரு பூமி பூஜை, கபடிப் போட்டிப் பரிசளிப்பு. இதில் தப்பு அவர்மேல் மட்டும் இல்லை. கல்யாணத்துக்கு வராவிட்டால் ‘ஜெயிச்சதும் மாறிட்டாரு’ என்று சாதிக்கணக்கோடு பேசும் ஊர் இது. மசோதாவைப் படிக்காததற்கு எவனாவது அப்படிக் கோபித்துக்கொண்டது உண்டா? அட்சதை போட்டு இறங்கும்போது மண்டப வாசலில் நாலு பேர் மனுவை நீட்டுவார்கள். அண்ணன் வாங்குவார், முதல் வரியைப் பார்ப்பார், கேமராவுக்கு நிமிர்வார், பின்னால் நிற்கும் பி.ஏ.விடம் தள்ளுவார். பி.ஏ. கையில் ஏற்கெனவே ஓரத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு. மனுவும் அதே ரப்பர் பேண்டுக்குள் போகும். போட்டோ மட்டும் பத்தே நிமிஷத்தில் ‘பொதுமக்களின் கோரிக்கைகளைக் கனிவுடன் கேட்டறிந்தார்’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஏறிவிடும்.

கட்டிலிருந்து தப்பிப் பிழைக்கும் மனுவுக்கு லெட்டர் பேடில் ஒரு கடிதம் கிடைக்கும்: ‘மேற்படி மனுவைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ கலெக்டர் அலுவலகத்தில் இப்படிப்பட்ட கடிதம் கட்டுக்கட்டாக வரும். அங்கிருந்து கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கடைசியில் வி.ஏ.ஓ. அதாவது யார் அலைக்கழித்தார் என்று புகார் சொன்னீர்களோ, சுற்றிச் சுற்றி அவர் மேசைக்கே. அவர் ‘விதிகளின்படி ஏற்க இயலாது’ என்று ஒரு வரி எழுதுவார், அது வந்த வழியே மேலே ஏறும், மனு முடிக்கப்பட்டதாகக் கணக்கு. திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தாலும், முதல்வரின் உதவி எண் 1100க்குப் போன் போட்டாலும் இதே ஏணிதான். ஆனால் அங்கே மனுவுக்கு ஒரு நம்பராவது தருகிறார்கள். எம்.எல்.ஏ. அலுவலகத்தில் என்ன கிடைக்கும்? ‘அண்ணன் சென்னையில இருக்காரு, வந்ததும் சொல்றேங்க.’ ஒரு நீள நோட்டு, ஐந்து பத்தி: தேதி, பெயர், விஷயம், எந்த அலுவலகத்துக்கு எந்தக் கடித எண்ணில் போனது, பதில் வந்த தேதி. இதைப் போட ஆள் இல்லையாம். போஸ்டர் ஒட்ட ஆள் இருக்கிறது.

மனு எழுதும் லட்சணத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே தாளில் பட்டா, தெருவிளக்கு, அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை, பையனுக்கு வேலை, பக்கத்து வீட்டுக்காரன் வேலி. ஐந்தும் ஐந்து துறை. எந்த அலுவலகம் வாங்கினாலும் ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று திருப்பிவிட வசதியாக எழுதிக் கொடுக்கிறோம். ஒரு மனுவில் ஒரு விஷயம். நிலம் என்றால் சர்வே எண்ணும் உட்பிரிவும். ரோடு என்றால் அது ஊராட்சியுடையதா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் விசாரித்து, எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர் என்று போட வேண்டும். முன்பு கொடுத்த மனுவின் எண், தேதி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் நகர வேண்டும். தெருவிளக்குக்கும் குழாய்க்கும் எம்.எல்.ஏ.விடம் போவதே வேண்டாத வேலை. அது உள்ளாட்சி. வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அங்கே தீர்மானமாக ஏற்றினால் அது பதிவேட்டில் நிற்கும். அங்கே வராதவர்கள்தான் எம்.எல்.ஏ. காரை மறிக்க முதலில் வருவார்கள்.

‘தொகுதி நிதியில் செய்து தருகிறேன்’ என்று ஒரு வசனம் உண்டு. வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். 2021 தேர்தலில் மாநிலத்தில் சுமார் 6.28 கோடி வாக்காளர்கள், 234 தொகுதி. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 110 ரூபாய் சொச்சம். அதிலும் அவர் எழுதிக் கொடுப்பது பரிந்துரைதான். பிறகு எஸ்டிமேட், நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை என்று வரிசை. நடுவில் இடம் தனியார் பட்டா என்று தெரியவரும், அல்லது மின்கம்பம் குறுக்கே நிற்கும், அல்லது தேர்தல் நடத்தை விதி வந்து புதுப் பணிகளை நிறுத்தும். அதனால்தான் சிக்கலே இல்லாத நிழற்குடையும் ஹைமாஸ் விளக்கும் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. பெயர்ப் பலகை மாட்ட வாகாகவும் இருக்கும்.

கேள்வி நேரத்தை 2022 ஜனவரியிலிருந்து நேரலையில் காட்டுகிறார்கள், பாருங்கள். ‘இன்ன ஊரில் பேருந்து நிலையம் அமைக்க அரசு முன்வருமா?’ ‘கருத்துரு ஏதும் இல்லை.’ உடனே துணைக்கேள்வி என்ற பெயரில் கட்சித் தலைவருக்குப் புகழ்மாலை, பிறகு இன்னொரு ஊர், இன்னொரு ‘முன்வருமா’. மானியக் கோரிக்கையிலும் இதே கதை. பல்லாயிரம் கோடிக்கு ஒப்புதல் கேட்கும் இடத்தில், கொள்கை விளக்கக் குறிப்பைப் புரட்டாமல் துணை சுகாதார நிலையத்துக்குச் சுற்றுச்சுவர் கேட்கிறார்கள். சுவர் வேண்டாம் என்று யார் சொன்னது? போன வருஷம் அதே துறைக்கு ஒதுக்கியதில் எவ்வளவு செலவாகாமல் திரும்பியது என்று கேட்டிருந்தால் பத்துச் சுவர் வந்திருக்கும். அமைச்சர் ‘செய்து தரப்படும்’ என்று அவையில் சொல்லிவிட்டால் அதைத் துரத்த உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. தன் தொகுதிக்குக் கிடைத்த வாக்குறுதி அந்தக் குழுவின் பட்டியலில் ஏறியதா என்று எத்தனை உறுப்பினர் விசாரிக்கிறார்கள்?

எனவே அடுத்தமுறை அலுவலகத்துக்குப் போனால் செல்ஃபி எடுப்பதற்கு முன் கடித எண்ணைக் கேளுங்கள். கடிதம் எந்த அலுவலகத்துக்குப் போனதோ அங்கே ந.க. எண்ணை, அதாவது கோப்பு எண்ணை வாங்குங்கள். பதில் வரவில்லையா, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கோப்பின் குறிப்புப் பக்க நகலைக் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும், தராவிட்டால் முதல் மேல்முறையீடு. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று தட்டிவிடுவார்கள். நகலைக் கேளுங்கள், எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்று அதிலேயே இருக்கும்.

மனுவுக்கு இப்படி ஏதோ ஒரு வழி இருக்கிறது. ஓட்டுக்கு அதுவும் இல்லை. 2021 ஆகஸ்டில் காகிதமில்லா பட்ஜெட் என்று உறுப்பினர்களின் மேசைக்கு மேசை கணினித் திரை வைத்தார்களே, அப்போதே ஒரு ‘ஆம்’ பொத்தானும் ஒரு ‘இல்லை’ பொத்தானும் சேர்த்து வைத்து, அன்று சாயந்திரமே பெயர்வாரியாக இணையதளத்தில் போடுவதில் என்ன தொழில்நுட்பச் சிக்கல்? மக்களவையில் பல வருஷமாகப் பொத்தான் இருக்கிறது. இங்கே ஆளுங்கட்சியும் கேட்கவில்லை, எதிர்க்கட்சியும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடித்துக்கொள்கிறவர்கள் இதில் மட்டும் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்.