முந்தின இரவே மாட்டி வைக்கலாம், பிளக்கை மட்டும் பிடுங்கி வையுங்கள்

நெடும்பயணத்துக்கு முன் கேம்பர் டிரெய்லரை (படுக்கை, ஃப்ரிட்ஜோடு வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் நடமாடும் வீட்டை) முந்தின நாள் சாயங்காலமே பிக்கப் டிரக்கில் மாட்டி நிறுத்தலாமா, இல்லை விடியற்காலையில் மாட்டுவதுதான் சரியா? டிரெய்லர் இழுப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. நான் சாயங்காலக் கட்சி. ஆனால் அந்தக் கட்சிக்காரர்கள் பலரோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. நேற்றே எல்லாம் பார்த்தாச்சு என்று காலையில் நேராகப் போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். மாட்டி வைப்பதில் உள்ள ஆபத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

மாட்டி வைக்காதே என்பவர்கள் முதலில் எடுத்துவிடும் காரணம் ஸ்பிரிங். ராத்திரி முழுக்கப் பாரம் நின்றால் பின்பக்க ஸ்பிரிங் தளர்ந்துபோகும், டயர் தட்டையாகும் என்பார்கள். நான் இதை ஏற்பதில்லை. டிரெய்லர் 3000 கிலோ என்றால், வட அமெரிக்க வழக்கப்படி அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 300 முதல் 450 கிலோ வரை ஹிட்ச் (டிரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டும் அமைப்பு) மேல் இறங்கும். ஐரோப்பிய கேரவன்களில் இன்னும் குறைவு, பெரும்பாலும் 100 கிலோவுக்குள். இதே பாரத்தோடு மறுநாள் முழுக்க மேடுபள்ளத்தில் குதிக்கப்போகிற ஸ்பிரிங்குக்கு, ஆடாமல் அசையாமல் நிற்கிற இரவு ஓய்வு மாதிரிதான். எஃகு ஸ்பிரிங் சோர்வது திரும்பத் திரும்ப அமுங்கி எழுவதால். டயரில் லேசாகத் தட்டை விழுந்தாலும் கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் போய்விடும். மாதக்கணக்கில் அப்படியே நிறுத்தினால் வேறு கதை.

இரண்டாவது காரணம் பேட்டரி. இதில் விஷயம் இருக்கிறது.

டிரக்கிலிருந்து டிரெய்லருக்குப் போகும் பிளக்கில் விளக்குக்கும் பிரேக்குக்குமான கம்பிகளோடு, டிரெய்லர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு 12 வோல்ட் கம்பியும் வருகிறது. சில டிரக்குகளில் சாவியை அணைத்ததும் ஒரு ரிலே அந்தக் கம்பியைத் துண்டித்துவிடும். சிலவற்றில் அது எந்நேரமும் உயிரோடுதான் இருக்கும். ஐரோப்பாவின் 13 பின் பிளக்கில் இதைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள்: 9ஆம் பின்னில் எப்போதும் மின்சாரம் உண்டு, 10ஆம் பின் சாவி போட்டால்தான். உங்கள் வண்டி எந்த ரகம் என்று யாரிடமும் கேட்க வேண்டாம். எஞ்சினை அணைத்து, கதவைப் பூட்டி, கொஞ்ச நேரம் கழித்து சாக்கெட்டின் சார்ஜ் பின்னில் மல்டிமீட்டரை வைத்தால் தெரிந்துவிடும். உடனே வைக்காதீர்கள். சில வண்டிகள் அணைத்த பிறகும் சற்று நேரம் மின்சாரத்தை விட்டு வைத்திருக்கும்.

கம்பி உயிரோடு இருந்தாலும் எல்லா இரவும் பேட்டரியைக் கொன்றுவிடாது. கேஸ் கசிவு அலாரம், ஃப்ரிட்ஜின் சர்க்யூட் போர்டு, தூங்கிக்கொண்டிருக்கும் ரேடியோ எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்தால்கூட, பத்து மணி நேரத்தில் 5 ஆம்பியர்-மணிதான். நல்ல பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஃப்ரிட்ஜை 12 வோல்ட்டில் ஓட விட்டால்தான் வினை. கேஸிலும் கரண்டிலும் ஓடும் அந்த அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ்கள் பேட்டரியில் ஓடும்போது ஹீட்டர் கம்பியைச் சூடாக்கித்தான் குளிரூட்டுகின்றன. சின்ன ஃப்ரிட்ஜே 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். 12 ஆம்பியர் என்று வைத்தாலும் ஆறு மணி நேரத்தில் 72 ஆம்பியர்-மணி. ஒரு ஸ்டார்ட்டர் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ அவ்வளவுதான். காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வரும். டிரெய்லர் பேட்டரி ஏற்கெனவே இறங்கிக் கிடந்தாலும் இதே கதிதான். அது ராத்திரி முழுக்க டிரக் பேட்டரியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட்டர் பேட்டரி ஒரு நொடி வேகமாகக் கொடுக்கச் செய்யப்பட்டது. மெதுவாக அடிவரை உறிஞ்சினால் அதன் ஆயுளே குறையும்.

அதனால் என் பழக்கம், ஹிட்ச் மாட்டியிருக்கட்டும், பாதுகாப்புச் செயின் மாட்டியிருக்கட்டும், பிளக் மட்டும் வெளியே. அதன் வாய் கீழே பார்க்கும்படி, தரையில் படாமல் தொங்கவிட வேண்டும். பனியும் மழையும் உள்ளே போனால் பின்களில் பச்சை பூக்கும். பிறகு விளக்கு ஒரு நாள் எரியும், ஒரு நாள் எரியாது. டிரெய்லர் விளக்கு வராத பிரச்சினைகளில் பாதிக்கு மேல் அழுக்குப் பிடித்த பின்களும் சரியாக இறங்காத எர்த்தும்தான் என்பது என் எண்ணம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சில புதிய பிக்கப்களில், வண்டி பூட்டியிருக்கும்போது யாராவது டிரெய்லர் பிளக்கைப் பிடுங்கினால் ஹார்ன் அலறும். அந்த வசதி இருப்பவர், சார்ஜ் கம்பி சாவியோடு அணைந்துவிடுகிறது என்று மீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டால், பிளக்கை விட்டு வைக்கட்டும். அலாரத்தை மட்டும் நம்பிக் கப்ளருக்கு (ஹிட்சின் உருண்டைக் குமிழான பாலை, அதாவது ball-ஐ, கவ்வும் டிரெய்லரின் மூக்குக்கு) பூட்டுப் போடாமல் விடுவது வேறு விஷயம். மாட்டியிருக்கும் டிரெய்லரைத் தனியாகக் கிளப்புவது, அநாதையாக நிற்கும் டிரெய்லரைக் கிளப்புவதைவிடக் கொஞ்சம் கடினம், அவ்வளவே. கப்ளர் தாழ்ப்பாளில் ஒரு பூட்டு, ஹிட்சை டிரக்கோடு பிடித்து வைக்கும் பின்னில் (ஆணியில்) ஒரு பூட்டு, இரண்டும் வேண்டும். முதலாவதை மட்டும் போட்டால் ஹிட்சோடு சேர்த்து உருவிக்கொண்டு போகலாம்.

பிளக்கைப் பிடுங்கச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிரேக்அவே ஸ்விட்சின் கம்பியை ஒருபோதும் இழுத்து வைக்காதீர்கள். டிரெய்லர் அறுந்து தனியாகப் போனால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் அவசர ஏற்பாடு அது. சிலர் அதைக் கைப்பிரேக் மாதிரி இழுத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். எலக்ட்ரிக் பிரேக் காந்தம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். நான்கு சக்கரம் என்றால் 12. காலையில் டிரெய்லர் பேட்டரி காலி, காந்தங்கள் சூடேறிக் கெட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. வண்டி நகராமல் இருக்கச் சக்கரத்துக்குக் கட்டை இருக்கிறது. வட அமெரிக்க டிரெய்லர்கள் பெரும்பாலானவற்றில் கைப்பிரேக்கே கிடையாது. ஐரோப்பிய கேரவன்களில் உண்டு. எதுவானாலும் கட்டை போடுங்கள். டிரக்கிலும் முதலில் பார்க்கிங் பிரேக், பிறகுதான் கியர் லீவரைப் பார்க்குக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வண்டிகளின் கனமும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும்.

மாட்டி வைப்பதில் எனக்கு உண்மையிலேயே இடைஞ்சலாகத் தோன்றுவது ஃப்ரிட்ஜ்தான். கிளம்பும் முன் அதைக் குளிர வைக்க ஒரு முழு இரவு தேவை. அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜுக்குள் பம்ப் எதுவும் கிடையாது. அம்மோனியாக் கரைசல் தன் எடையாலேயே குழாய்களில் இறங்கி ஓட வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் கரைசல் ஓரிடத்தில் தேங்கும், கொதிகலன் பகுதி அளவுக்கு மேல் சூடேறும், உள்ளே துரு பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கும் ரசாயனம் கெட்டுக் குழாயை அடைக்கும். அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. ஓடும்போது குலுங்குவதால் இந்தச் சிக்கல் இல்லை, நிற்கும்போதுதான். பல ஃப்ரிட்ஜ்களுக்குப் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி என்று வரம்பு சொல்வார்கள். உங்களுடையதற்கு என்ன என்று கையேட்டில் பாருங்கள். டிரக்கில் மாட்டிய டிரெய்லரின் முன்பக்கத்தை ஜாக்கால் ஏற்றி இறக்கிச் சமன் செய்ய முடியாது, ஹிட்ச் என்ன உயரமோ அதுதான் உயரம். ஆகவே நிறுத்தும் தரை சரிவாக இருந்தால் கட்சி மாறிவிடுங்கள். டிரெய்லரைத் தனியாகச் சமன் செய்து ஃப்ரிட்ஜைக் குளிர வைத்துவிட்டு, காலையில் மாட்டுங்கள். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

சிலர் நடுவழி ஒன்று சொல்வார்கள். மாட்டி வை, ஆனால் ஜாக்கையும் இறக்கி டிரக்கின் பாரத்தைக் குறை என்று. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. ஸ்பிரிங்குக்கு இல்லாத ஆபத்திலிருந்து அதைக் காப்பாற்றப் போய், காலையில் ஜாக்கை மறந்துவிட்டு ஓட்டும் ஆபத்தை வரவழைத்துக்கொள்கிறோம். இருட்டில் உள்ளே தள்ளி இருக்கும் ஜாக் கண்ணில் படாது. உள்ளே யாராவது படுத்துத் தூங்கப் போகிறார்கள், ஆடாமல் இருக்க ஸ்டெபிலைசர் கால்களை இறக்கியே ஆக வேண்டும் என்றால், காலையில் அதை மறக்காமல் இருக்க, ஸ்டீயரிங்கின் மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் படுக்கச் சொல்வேன்.

அப்புறம் ஏன் சாயங்காலக் கட்சி என்கிறீர்களா? வெளிச்சம். கப்ளர் பாலின் மேல் உட்கார்ந்துவிட்ட மாதிரி தெரிந்தும் உட்காராமல் இருப்பது, அடியில் இருக்க வேண்டிய நாக்கு பாலின் தலைக்கு மேலே நிற்பது, இதெல்லாம் அரைத் தூக்கத்தில் டார்ச் வெளிச்சத்தில் தப்பிப் போகிற விஷயங்கள். 2 அங்குல பாலின் மேல் 2 5/16 அங்குலக் கப்ளர் அழகாக மூடிக்கொள்ளும், தாழ்ப்பாளும் விழும். முதல் பெரிய பள்ளத்தில் எகிறிவிடும். தாழ்ப்பாளைப் போட்ட பிறகு ஜாக்கை வைத்து டிரெய்லரின் மூக்கைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். டிரக்கின் பின்பக்கமும் சேர்ந்து எழ வேண்டும். இதற்கு நிதானம் வேண்டும். பிள்ளைகள் சீட்டில் உட்கார்ந்து எப்போது கிளம்பலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கும் காலை ஐந்து மணிக்கு அந்த நிதானம் யாருக்கும் இருப்பதில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. மெதுவாகக் காற்று இறங்கும் டயரையும், கசியும் ஏர் பேக்கையும் (ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பாரம் தாங்கும் காற்றுப் பையையும்) ஒரு இரவு காட்டிக் கொடுத்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால்தான். பிளக்கைத் திரும்பச் செருகவாவது அந்தப் பக்கம் போயாக வேண்டும் என்பதால் அதைப் பிடுங்கி வைப்பது எனக்கு இரண்டு விதத்தில் பிடிக்கிறது. போனது போகட்டும் என்று பிளக்கைச் செருகிவிட்டு ஓடி வராமல், அப்போதுதான் மாட்டியது போல ஒரு முழுச் சுற்று வாருங்கள். தாழ்ப்பாள், அதன் பின், அடியில் குறுக்காகப் போட்ட செயின்கள், பிரேக்அவே கம்பி. இரவில் தெருவில் போனவர் எவர் கையாவது பட்டிருக்கலாம். டயர் அழுத்தத்தையும் அப்போதே பாருங்கள். வண்டி ஓடாமல், வெயிலும் ஏறாமல் இருக்கும் அந்த நேரத்து அளவுதான் கணக்கு. விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்க ஒருவரைப் பின்னால் நிற்க வையுங்கள். பிறகு கட்டைகளை எடுத்து, மெதுவாக நகர்ந்து, டிரக்குக்குள் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரைக் கையால் இயக்கி டிரெய்லர் பிரேக்கை ஒருமுறை பிடித்துப் பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். கேம்பில் முதல் நாள் காபி போட ஆகும் நேரம்கூட இல்லை.

வீட்டில் இருக்கும் ஒரே வண்டி அந்த டிரக்தான், வீட்டில் வயதானவரோ கைக்குழந்தையோ இருக்கிறார்கள் என்றால் மட்டும் நான் மாட்டி வைக்கச் சொல்ல மாட்டேன். நடு இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் பத்து மீட்டர் நீளத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு போக முடியாது. அவசரத்தில் கழற்றுவதும் சும்மா இல்லை. வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் (பாரத்தை முன் சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச்) இருந்தால் அதன் ஸ்பிரிங் பார்களில் முழு இறுக்கம் இருக்கும். ஜாக்கால் தூக்கி இறுக்கத்தைக் குறைக்காமல் இருட்டில் நெம்பினால் பார் தெறித்துக் கையை உடைத்துவிடும். அந்த மாதிரி வீட்டுக்காரர்கள் பாலையும் கப்ளரையும் சாயங்காலமே நேருக்கு நேர் கொண்டுவந்து, உயரத்தைச் சரிபார்த்து, ஒரு கை அகல இடைவெளியில் டிரக்கை நிறுத்தி வைக்கலாம். காலையில் மாட்டக் கால் மணி நேரம் போதும்.